வண்டிக் கடனுக்குக் கையெழுத்துப் போடும் முன்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது. கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இன்றைக்கு என்னை "வாகனப் புகையும் சுற்றுச்சூழலும்" என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன். பரவாயில்லை. மரம் நடுவோம், மழை பெறுவோம் என்று நான் ஆரம்பிக்கப் போவதில்லை. நம்ம கடன் பதிவேட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில், குழுக் கடன் என்றாலே கறவை மாடு, ஆடு, தையல் மெஷின்தான். இப்போது நம் பகுதியில் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் டூவீலர், டூவீலர் என்றுதான் வருகிறது. தப்பில்லை. கம்பெனி எங்கேயோ இருக்கு, வீடு எங்கேயோ இருக்கு. காலை 6 மணி ஷிப்டுக்கு 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். வண்டி இல்லாமல் முடியாது. ஆனால் மாடு வாங்கும்போது நாம் என்னவெல்லாம் கேட்போம்? பல்லைப் பிடித்துப் பார்ப்போம். எத்தனையாவது ஈத்து, வேளைக்கு எத்தனை லிட்டர் கறக்கும், தீனி எவ்வளவு தின்னும் என்று விசாரிப்போம். வண்டி வாங்கும்போது என்ன கேட்கிறோம்? கலர் என்ன, மாசத் தவணை எவ்வளவு. இந்த இரண்டுதான். தீனியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

நானும் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு குழுவில் நடந்தது. ஊர் பெயரும் குழு பெயரும் சொல்ல மாட்டேன். அந்த அக்கா 18 கிலோமீட்டர் தள்ளி ஒரு கேண்டீனில் வேலை பார்க்கிறார். போக 30, வர 30 என்று ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு 60 ரூபாய். மாதம் 25 நாளைக்கு 1500. "ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசை வண்டித் தவணையாகக் கட்டிடுவேன் மேடம், மேலே ஒரு ஐநூறு போட்டால் போதும்" என்று சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குழுவில் 40,000 ரூபாய் கடன் கொடுத்துப் பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கினார். தவணை 2000. பரிந்துரையில் என் கையெழுத்து. சமூகப் பணியில் பட்டம் வாங்கியவள், பயனாளி தேர்வு பற்றிப் பரீட்சை எழுதியவள் நான். அந்த வண்டி ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது மாதம் தவணை நின்றது. நான்காவது மாதம் கூட்டத்திற்கே வரவில்லை. மற்ற உறுப்பினர்கள், "எங்க சேமிப்புப் பணம் ரோட்டுல புகையா போகுது" என்று சத்தம் போட்டார்கள். கோபத்தில் சொன்னாலும் அதுதான் உண்மை. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 36 கிலோமீட்டர், 25 நாளைக்கு 900 கிலோமீட்டர். அந்த வண்டி லிட்டருக்கு 35தான் கொடுத்தது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2570 ரூபாய் பெட்ரோலுக்கே போகிறது. தவணையோடு சேர்த்தால் 4570. ஆட்டோவில் 1500ல் போய்க்கொண்டிருந்தவர்! யானையைக் கட்டித் தீனி போடுகிற கதையாகிவிட்டது.

வண்டியை விற்கச் சொல்லவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். ஏர் ஃபில்டரைத் திறந்தால் களிமண் மாதிரி அடைத்திருந்தது. டயரில் காற்று பாதிதான். பின் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. கார்பரேட்டரும் சரியில்லை. எல்லாவற்றையும் சரி செய்த பிறகு வண்டி 44 கொடுத்தது. பெட்ரோல் செலவு 2045க்கு இறங்கியது. அதே ஷிப்டில் போகிற பக்கத்துத் தெருப் பெண் பின்னால் உட்கார்ந்து வந்து பாதிப் பெட்ரோல் காசு கொடுக்கிறார். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் உண்டு, அதைக் கண்டிஷனாகவே சொல்லிவிட்டோம். குழு தவணைக் காலத்தை நீட்டிக் கொடுத்தது. இப்போது கட்டிக்கொண்டு வருகிறார்.

இதில் புகை எங்கே வந்தது என்று கேட்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வருகிறது. டீசல் என்றால் 2.7 கிலோ. பெட்ரோலை விட வாயு எப்படி எடை அதிகம் என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பெட்ரோலில் உள்ள கரி, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதானே எரிகிறது, அந்த ஆக்சிஜன் எடையும் சேர்ந்து கொள்கிறது. அந்த அக்கா வண்டி மாதம் 5 லிட்டர் பெட்ரோலை மிச்சப்படுத்தியது என்றால், 12 கிலோ கரியமில வாயுவும் குறைந்தது. பர்ஸும் புகையும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. அதனால்தான் இந்தத் தலைப்பைக் கடன் பதிவேட்டோடு சேர்த்துப் பேசுகிறேன்.

கரியமில வாயு உலகத்துக்குச் சூடு. நம் தெருவுக்கு உடனடிக் கேடு வேறு. அரைகுறையாக எரிகிற பெட்ரோல், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவை விடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. லைன் வீடுகளில் இருப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். காலையில் ஐந்து வண்டி வரிசையாக நிற்கும், ஷிப்டுக்குப் போகிற தம்பிகள் ஸ்டார்ட் செய்து விட்டுவிட்டு உள்ளே போய் ஷூ மாட்டுவார்கள். பக்கத்திலேயே நம்ம சமையல் கட்டு ஜன்னல். குழந்தை கீழே பாயில் படுத்திருக்கும். இது நிற்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள்ளே வண்டியை ஓடவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அடுத்தது நுண்ணிய தூசு. பி.எம். 2.5 என்று டிவியில் சொல்கிறார்களே, அது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத பொடி. மூக்கில் நிற்காது, நேராக நுரையீரலின் அடிக்குப் போய்விடும். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்று பாருங்கள். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சேருகிற இடம். கன்டெய்னர் லாரி, கார் ஏற்றிப் போகிற டிரெய்லர், கம்பெனி பஸ், நடுவில் நாம். வண்டி முன்னால் நிற்க வைத்திருக்கிறோமே குழந்தையை, அதன் முகம் முன்னால் போகிற வண்டியின் சைலன்சருக்கு நேராக இருக்கிறது. வீசிங் என்று மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. நாடு முழுக்க ஓடுகிற வண்டிகள் நம்ம ஊரில்தான் செய்யப்படுகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரி செய்கிற டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. நம் வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே போல்ட் முடுக்குகிறார்கள். புகை குறைந்த இன்ஜின் எப்படி என்று நம்ம கைக்குத் தெரியும். ஆனால் நாம் கடன் வாங்கி ஓட்டுவது, யாரோ பத்து வருஷம் ஓட்டித் தள்ளிவிட்ட வண்டி!

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது?

பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் ஆர்.சி. புக்கில் தேதியைப் பாருங்கள். 2020 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதி வந்தது. 4லிருந்து 5ஐத் தாண்டி நேராக 6க்குப் போனார்கள். பெட்ரோல் டீசலில் கந்தகத்தின் அளவும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இந்த விதிப்படி வந்த பெரும்பாலான டூவீலர்களில் கார்பரேட்டர் கிடையாது, தேவையான அளவு பெட்ரோலை மட்டும் அளந்து தெளிக்கிற எஃப்.ஐ. முறை. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் பழைய கார்பரேட்டர் வண்டிக்கும் இதற்கும் புகையில் நிறைய வித்தியாசம்.

ஆயில் கலந்து பெட்ரோல் ஊற்றுகிற பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட், ஸ்கூட்டர் சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். அந்த இன்ஜினில் உள்ளே போகிற பெட்ரோலில் ஒரு நல்ல பங்கு எரியாமலேயே வெளியே வந்துவிடும். கூடவே ஆயிலும் எரியும். அந்த நீலப் புகை அதுதான். நம்ம ஊர் மொபெட்டே 2015இல் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 என்று ஃபோர் ஸ்ட்ரோக்காக மாறிவிட்டது. காய்கறி மூட்டை, மாவு டின், பால் கேன் ஏற்றுகிற நம் உறுப்பினர்களுக்கு இன்னமும் அதுதான் தோது என்பது என் அபிப்பிராயம். ஸ்கூட்டியில் அவ்வளவு எடையை வைத்தால் ஹேண்டில் ஆடும்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது, "வரோம்" என்று முன்கூட்டியே சொன்னாலும் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். போனதும் இன்ஜின் பக்கம் கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஆறின வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். புகை நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது, பெரிய செலவு இருக்கிறது. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, சரி செய்யலாம். பனிக்காலத்தில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் அது வெறும் நீராவி, பயம் வேண்டாம்.

மைலேஜ் விஷயத்தில் விளம்பரத்தையும் நம்பாதீர்கள், மச்சான் சொல்வதையும் நம்பாதீர்கள். விளம்பரத்தில் வருவது சோதனைக் கூடத்தில் ஓட்டிய கணக்கு. நம்ம ரோட்டுப் பள்ளத்திலும், பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டும் அது வராது. நாமே பார்க்கலாம். டேங்கை நிரப்புங்கள், மீட்டரில் உள்ள எண்ணை எழுதுங்கள். ஒரு வாரம் பத்து நாள் ஓட்டிவிட்டு மறுபடி அதே பங்கில் நிரப்புங்கள். 280 கிலோமீட்டர் ஓடி, 5.6 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 50. அவ்வளவுதான். வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இது ஒரு கணக்கா? சந்தா நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். 50 கொடுத்த வண்டி திடீரென்று 42க்கு வந்தால், எங்கேயோ கோளாறு என்று வண்டியே சொல்கிறது.

புது வண்டி வாங்குகிறவர்கள் பலர் இப்போது மின்சார ஸ்கூட்டர் கேட்கிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர்கள் பாதிதான் சொல்கிறார்கள்.

கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 யூனிட், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் கொஞ்சம் கூட. அதே 900 கிலோமீட்டருக்கு மாதம் 30 யூனிட் சொச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 250 ரூபாய். பெட்ரோலுக்கு 2000 எங்கே, இது எங்கே. தெருவில் புகையும் இல்லை. ஆனால் நம் வீட்டு மின் கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒரு முறை கணக்கிடப்படுகிறது, வண்டிக்கு 60 யூனிட்டுக்கு மேல் கூடும். நம் தமிழ்நாட்டுக் கட்டண முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் உள்ள சலுகை விலையும் குறைந்துபோகிறது. ஏற்கெனவே 450, 480 என்று வருகிற வீட்டில் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வாடகை வீட்டில் இருந்தால் ஓனர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார், சார்ஜ் போட விடுவாரா, மாடியிலிருந்து ஒயர் தொங்கவிட வேண்டியிருக்குமா என்று முதலில் கேளுங்கள்.

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார வண்டி இரவில் தீப்பிடித்து, அந்தப் புகையில் ஒரு அப்பாவும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருஷம் வேறு சில ஊர்களிலும் வண்டிகள் எரிந்தன. அதற்குப் பிறகு மத்திய அரசு ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதியைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர், 2023 மார்ச் என்று இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தது. அதனால் அதற்கு முன் தயாரான மின்சார வண்டியைப் பழையதாக வாங்க வேண்டாம் என்பேன். படுக்கிற அறையிலும் வாசற்படியிலும் சார்ஜ் போடாதீர்கள், தீப்பிடித்தால் வெளியே ஓட வழி வேண்டும். எர்த் உள்ள பிளக் பாயின்ட், கம்பெனி கொடுத்த சார்ஜர், இரண்டும் கட்டாயம்.

"லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்டர் வேண்டாம்" என்று விற்கிறார்களே, அது மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத, 250 வாட்டுக்குள் மோட்டார் உள்ள வண்டி. ஊருக்குள் ரேஷன் கடைக்குப் போகலாம். டிரெய்லர் லாரி ஓடுகிற ரோட்டில் அதை ஓட்டுவது தற்கொலை. பேட்டரி லெட் ஆசிடா, லித்தியமா என்றும் கேளுங்கள். லெட் ஆசிட் எடையும் அதிகம், சீக்கிரமும் சாகும். வாரன்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், புது பேட்டரி என்ன விலை, இதை எழுத்தில் வாங்குங்கள். மானியம் என்று வாயால் சொன்னால் போதாது. வருஷத்துக்கு வருஷம் திட்டங்கள் மாறுகின்றன. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம் என்று வந்த திட்டம் பின்னால் நின்றுபோனது நமக்குத் தெரியும். நம்மில் சிலர் விண்ணப்பம் எழுதி வைத்துக் காத்திருந்தவர்கள்.

மின்சார வண்டிக்குப் புகையே இல்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. காற்றாலை, சூரிய ஒளியில் இருந்தும் நமக்கு மின்சாரம் வருகிறது, நிலக்கரியில் இருந்தும் வருகிறது. நம்ம தெருவில் வராத புகையும் சாம்பலும் எண்ணூர்க்காரர்கள் பக்கம் போகிறது. இருந்தாலும் மொத்தத்தில் பெட்ரோல் வண்டியைவிட இது குறைவுதான்.

ஓட்டுகிற முறையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாரம் ஒரு முறை டயருக்குக் காற்று. 40, 50 வேகத்தில் சீராகப் போவது. சோக் இழுத்தால் ஞாபகமாகத் திரும்பத் தள்ளுவது. கியர் வண்டியில் கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஓட்டாமல் இருப்பது. ரயில்வே கேட்டிலும், கம்பெனி கேட்டில் வரிசையிலும் அரை நிமிஷத்துக்கு மேல் நிற்போம் என்று தெரிந்தால் இன்ஜினை அணைப்பது. நம் பகுதிக்கென்று ஒன்று உண்டு. இங்கே லாரித் தூசியும், ஏதாவது ஒரு பக்கம் கட்டட வேலையும் ஓயாது. சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருக்கிற கெடுவுக்கு முன்பே ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. அது தண்ணீரை இழுக்கும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடுகிறதா என்று பாருங்கள். பழைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறைவதும் இதனால் இருக்கலாம்.

புகைச் சான்று பற்றி ஒரு வார்த்தை. புது வண்டிக்கு முதல் ஒரு வருஷம் தேவையில்லை. அதற்குப் பிறகு அதில் போட்டிருக்கும் கெடு தேதிக்குள் புதுப்பிக்க வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்று வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காசு கொடுத்துச் சர்க்கரை டெஸ்ட் ரிப்போர்ட்டை நார்மல் என்று எழுதி வாங்குகிற மாதிரிதான் அது.

இப்போது கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள். இனி வண்டிக் கடன் விண்ணப்பத்தோடு ஒரு தனித் தாள் இணைப்போம். தினம் எத்தனை கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது, மாதப் பெட்ரோலும் தவணையும் சேர்ந்து எவ்வளவு, இப்போது பயணத்துக்கு எவ்வளவு செலவாகிறது. பழைய வண்டி என்றால் ஆர்.சி. தேதியும் நடப்புப் புகைச் சான்றும். அந்தத் தாள் இல்லாமல் நான் பரிந்துரையில் கையெழுத்துப் போட மாட்டேன்.

(பேச்சு முடிந்ததும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "வண்டியே வாங்காமல் இருந்தால் என்ன மேடம்? 2021ல இருந்துதான் டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லையே" என்று கேட்டார். அதற்கு ஒருங்கிணைப்பாளர் சொன்ன பதில்:)

அதுதான் எல்லாவற்றையும் விடக் குறைந்த செலவு, குறைந்த புகை. ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் போனால், ஆளுக்கு ஒரு வண்டியில் போவதை விட டீசல் எவ்வளவோ குறைவு. கம்பெனி பஸ் வருகிறவர்கள் அதை விடாதீர்கள். ஆனால் நம் ஊர்களில் பலவற்றுக்கு 6 மணி ஷிப்டுக்கு ஏற்ற பஸ் இல்லை, இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் இல்லை. எந்த ஊரிலிருந்து, எத்தனை மணிக்கு, எத்தனை பெண்கள் போகிறார்கள் என்று ஒவ்வொரு குழுவும் எழுதிக் கொடுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் கொடுத்தால் கூட்டமைப்பு லெட்டர்பேடில் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனுவாகக் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

(வண்டிக் கடனுக்கான தனித் தாள் இணைப்பது என்று கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. பஸ் நேர விவரத்தை அந்தந்த ஊர்ப் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுக்கவும்.)